நெரிசல் இல்லாத நேரம் யாருடையது?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நான்காவது ரயில் பாதை அமைக்க 2025-ல் ஒப்புதல் கிடைத்தது. தூரம் சுமார் 30 கிலோ மீட்டர். மதிப்பீடு சுமார் 757 கோடி ரூபாய். செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தச் செய்தியைக் கேட்டு மகிழாதவர் இருக்க முடியாது. காலை ஏழரை மணிக்குச் சிங்கபெருமாள்கோவிலிலோ மறைமலை நகரிலோ மின்சார ரயிலில் ஏற முயன்றவர்களுக்கு இன்னொரு பாதை ஏன் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாமும் வரவேற்கிறோம்.

ஆனால், பாதை போடும் காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வண்டிகள் குறையும், நிற்கும், பாதியில் திரும்பும். அந்தச் சுமை எல்லார் தோளிலும் சமமாக விழுவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் சென்னையைச் சுற்றி நடந்த மூன்று பணிகளை வைத்து இதைப் பார்க்கலாம். சென்னை கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயில் பாதி வழியோடு நின்றது. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் நிலைய விரிவாக்கத்துக்காகப் புறநகர் வண்டிகள் ரத்தாயின. எழும்பூர் நிலையச் சீரமைப்புக்காக 2025-ல் சில விரைவு வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டன. மூன்றிலும் அதே அறிவிப்பு நடை: பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். எந்தப் பயணிக்கு, எவ்வளவு சிரமம் என்பது மட்டும் எந்த அறிவிப்பிலும் இருப்பதில்லை.

ஏன் நிறுத்துகிறார்கள்?

முதலில் ரயில்வேயின் பக்கத்தைச் சொல்லிவிடுவோம். மாணவர்களுக்கும் இது பயன்படும்.

ஒரு பெரிய நிலையத்தில் பல பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். ஒரு வண்டியை ஒரு பாதைக்குத் திருப்பிவிட்டால், அதே பாதைக்கு இன்னொரு வண்டி வர முடியாதபடி சிக்னலும் தண்டவாளத் திருப்பிகளும் ஒன்றோடு ஒன்று பூட்டப்பட்டிருக்கும். இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். நிலையத்தில் புதிய பாதையோ நடைமேடையோ சேர்த்தால் இந்தப் பூட்டைக் கழற்றி, புதிய அமைப்புக்கு ஏற்ப மீண்டும் பூட்ட வேண்டும். பூட்டு கழன்றிருக்கும் நாட்களில் வண்டிகளை ஆட்கள் கைகாட்டி அனுப்ப வேண்டும். அப்போது வழக்கமான எண்ணிக்கையில் வண்டி விடுவது ஆபத்து.

இந்தப் பூட்டில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலேஸ்வரில் பார்த்தோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி கிளைப் பாதைக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பதிவு இல்லாத பெட்டிகளில் வந்த கூலித் தொழிலாளர்கள் பலர் அவர்களில் இருந்தனர். முன்பதிவுப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைத் தேடுவதற்காவது ஒரு தாள் இருந்தது. பொதுப் பெட்டியில் வந்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் கவரைப்பேட்டையிலும் ஒரு விரைவு வண்டி கிளைப் பாதையில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. ஆகவே, பாதுகாப்புக்காக வண்டியை நிறுத்துகிறோம் என்று ரயில்வே சொன்னால் அதை நாம் மறுக்கப் போவதில்லை. எந்த வண்டியை, எந்த நேரத்தில், யாரிடம் கேட்டு நிறுத்துகிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி.

பகல் 9.20 முதல் 2.30 வரை

தாம்பரம் பணிகள் 2024 ஜூலை 23 அன்று தொடங்கின. ஆகஸ்ட் 14-ல் முடியும் என்றார்கள். பின்னர் 18 வரை நீண்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்து புறநகர் வண்டிகள் ரத்து செய்யப்பட்ட நேரம் பகல் 9.20 முதல் 2.30 வரையும், இரவு 10 முதல் நள்ளிரவு வரையும். அந்த நேரத்தில் கடற்கரையில் இருந்து வரும் வண்டிகள் பல்லாவரத்தோடு நின்றன. செங்கல்பட்டில் இருந்து வருபவை கூடுவாஞ்சேரியோடு நின்றன. நடுவில் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகிய நிலையங்களில் இறங்க வேண்டியவர்கள் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து பேருந்துக்குக் காத்திருந்தார்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பேருந்துகள் விட்டது. மெட்ரோ ரயிலும் கூடுதல் சேவை இயக்கியது. ஆனால், மெட்ரோ விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. கூடுவாஞ்சேரிக்காரருக்கு அதனால் என்ன லாபம்?

ஏன் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குப் பதில் எளிது. காலை அலுவலக நேரமும் மாலை அலுவலக நேரமும் தப்பிவிடுகின்றன. இடைப்பட்டது ‘நெரிசல் இல்லாத நேரம்’. பயணச்சீட்டு விற்பனையை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு சரியாகவே தோன்றும். அந்த நேரத்து வண்டிகளில் யார் பயணம் செய்கிறார்கள் என்று பார்த்தால் கணக்கு மாறும்.

காலை ஆறு மணிக்குத் தெரு பெருக்க இறங்கும் தூய்மைப் பணியாளர் வேலை முடித்துத் திரும்பும் நேரம் பிற்பகல். மூன்று வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வீடு திரும்பும் பெண் ஏறுவது பதினொரு மணி வண்டியில். அரசு மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வந்தால் மணி பன்னிரண்டோ ஒன்றோ ஆகிவிடும். சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு மூச்சுத் திணறலோடு வரும் முதியவர் நெரிசலுக்குப் பயந்து பத்து மணி வண்டியைத்தான் எதிர்பார்ப்பார். சென்னையின் அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு முறை உண்டு. முதல் ஷிப்டு மாணவர்கள் மதியம் வெளியே வருகிறார்கள். இரண்டாவது ஷிப்டு மாணவர்கள் அந்த நேரத்துக்கு உள்ளே போகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில் நிறைய. கீரைக்கட்டும் கொய்யாவும் கூடையில் கொண்டுபோய் விற்பவர்கள் கூடை காலியாகித் திரும்புவதும் நடுப்பகலில்தான்.

இரவு பத்து மணிக்கு மேல் என்ன நடக்கிறது? மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்பவர்களின் ஷிப்டு மாறுகிறது. ஓட்டல் வேலைக்காரர்கள், காவலாளிகள், துணிக்கடைப் பெண்கள் கடையடைத்துக் கிளம்புகிறார்கள்.

இந்தப் பட்டியலில் யார் யார் எந்தச் சமூகம் என்று நாம் எண்ணிச் சொல்ல வேண்டுமா? தூய்மைப் பணியில் யார் இருக்கிறார்கள், வீட்டு வேலைக்கு எந்தக் குடியிருப்பில் இருந்து போகிறார்கள், நிலமில்லாமல் கூலிக்குப் போவது யார் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ‘நெரிசல் இல்லாத நேரம்’ என்று ஒரு அதிகாரி கோடு போட்டால், அது மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் நாளை வைத்துப் போட்ட கோடு. உடம்பால் வேலை செய்பவர்களின் நாள் வேறு மணியில் தொடங்கி வேறு மணியில் முடிகிறது. அதிகாரிக்கு உள்நோக்கம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அந்த நாளை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கூடுவாஞ்சேரியில் இருந்து பல்லாவரத்துக்குப் புறநகர் ரயிலில் 5 ரூபாய். செங்கல்பட்டில் இருந்து தாம்பரத்துக்கு 10 ரூபாய். அதே தூரத்தை ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கடந்தால் அதைப் போல் பல மடங்கு. பெண்களுக்குத்தான் பேருந்து இலவசமாயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் உரியது. அவசரத்தில் முதலில் வந்து நிற்கும் டீலக்ஸ் பேருந்தில் ஏறினால் சீட்டு எடுத்தாக வேண்டும். சாதாரணப் பேருந்து வரும்வரை நின்றால் அரை நாள் கூலி போகும். பணிப்பதிவேட்டில் கையெழுத்து போடுபவர் தாமதமாக வந்தால் ஒரு மணி நேர அனுமதி எழுதிக் கொடுக்கலாம். நாள் கூலிக்காரருக்கு அனுமதி எழுதுவதற்கு ஏது பதிவேடு? மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஏழு மாதம் பதினான்கு மாதமான கதை

தாம்பரம் பணியாவது ஒரு மாதத்துக்குள் முடிந்தது. கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதையின் கதை வேறு. நீளம் நாலேகால் கிலோ மீட்டர்தான். அதற்காக 2023 ஆகஸ்ட் 27 அன்று சிந்தாதிரிப்பேட்டை – கடற்கரை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம். நடுவில் நிலம் கைக்கு வருவதில் தாமதம் என்றார்கள். நிலம் கைக்கு வருமுன்பே வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்க அந்தப் பயணிகளுக்கு வாய்ப்பு இல்லை. சேவை திரும்பியபோதும் பூங்கா நகர் நிலையத்தில் வண்டி உடனே நிற்கவில்லை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும் சென்ட்ரலுக்கும் எதிரே இருக்கும் நிலையம் அது.

இது சென்னைக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. கூவம் கரையில் இருந்தும் நகரின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளில் இருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அங்கே கட்டிய அடுக்குமாடிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். வீடு பெரும்பாக்கத்தில், வேலையோ பழைய இடத்தில், சிந்தாதிரிப்பேட்டையிலும் எழும்பூரிலும் பாரிமுனையிலும். பேருந்தில் வேளச்சேரிக்கு வந்து, பறக்கும் ரயிலில் ஏறி, கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்குவது குறைந்த செலவில் அவர்களுக்கு இருந்த ஒரு வழி. நகரில் இருந்து தூக்கிக் கொண்டுபோய் 25 கிலோ மீட்டர் தள்ளி வைத்தவர்கள், திரும்பி வர இருந்த வழியையும் பதினான்கு மாதம் பாதியில் அறுத்துவிட்டார்கள். ஒரு துறைக்கு இன்னொரு துறை செய்தது தெரியாது. குடும்பத்துக்கு இரண்டும் ஒரே அடி.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேளச்சேரியில் இருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோ மீட்டர் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை 2008 வாக்கில் தொடங்கி, ஆதம்பாக்கம் பக்கம் ஒரு சிறு துண்டுக்கான நில வழக்கால் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த ஐந்து கிலோ மீட்டர் 2023-ல் தயாராக இருந்திருந்தால், வேளச்சேரிப் பயணிகள் பரங்கிமலையில் மாறி, புறநகர் வண்டியில் கோட்டைக்கும் கடற்கரைக்கும் போயிருப்பார்கள். மாற்றுவழி முடியாமல் கிடக்கும்போது இருக்கும் வழியை மூடினார்கள். திட்டமிடல் என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?

குறுஞ்செய்தி வராத பயணி

ஒரு விரைவு வண்டி ரத்தானால் முன்பதிவு செய்தவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். இணையத்தில் எடுத்த சீட்டு என்றால் பணம் முழுதும் தானாகவே கணக்குக்குத் திரும்பும். நல்ல ஏற்பாடு. முன்பதிவு இல்லாதவருக்கு ரயில்வேயிடம் முகவரி இல்லை, கைபேசி எண் இல்லை. அவர் நிலையத்துக்கு வந்து நின்ற பிறகே வண்டி இல்லை என்பது தெரியும். அறிவிப்புகள் ரயில்வேயின் எக்ஸ் பக்கத்தில் வருகின்றன. நாளிதழ்களிலும் வருகின்றன. வண்டி எண், புறப்படும் நேரம், ரத்தாகும் பகுதி என்று பொடி எழுத்தில் நீளும் அந்தப் பட்டியலைப் படித்துத் தன் வண்டியைக் கண்டுபிடிப்பது பட்டதாரிக்கே சிரமம்.

சீசன் டிக்கெட் எடுத்தவர் நிலை இன்னும் விசித்திரம். மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே பணம் கட்டியவர் அவர்தான். பதினைந்து நாள் அவருடைய வண்டி ஓடாவிட்டால் அந்தப் பதினைந்து நாள் என்ன ஆயிற்று? கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, பயன்படுத்த முடியாமல் போன நாட்களுக்கு ஈடாக சீசன் டிக்கெட்டின் காலத்தை நீட்டித்துக் கொடுத்த முன்னுதாரணம் ரயில்வேயிடமே உண்டு. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கொரோனா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச்சில் பயணிகள் ரயில்களை நிறுத்தினார்கள். பிறகு அவற்றைச் ‘சிறப்பு விரைவு வண்டி’ என்ற பெயரில் திருப்பி ஓட்டியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயில் இருந்து 30 ரூபாய் ஆனது. அதே பெட்டி, அதே வேகம், அதே நிறுத்தம். பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி ஆயிற்று. மேல்மருவத்தூர், மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கம் இருந்து பாசஞ்சர் வண்டியை நம்பியிருப்பவர்களுக்கு இது மறக்காது. ‘தற்காலிகம்’ என்று சொல்லி எடுத்த ஒன்று திரும்பி வர நாலு ஆண்டு ஆகலாம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றவர்கள். விரிவாக்கப் பணிக்காக இரண்டு வாரம் வண்டி இல்லை என்று அறிவித்தால், திரும்ப வருமா என்று அவர்கள் முதலில் கேட்பதில் தவறே இல்லை.

ரயில் நமக்கு ஏன் வேறு மாதிரி?

தலித் மக்களுக்கு ரயில் வெறும் வாகனம் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள அம்பேத்கரின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்று போதும். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் அது இருக்கிறது. ஆண்டு 1901. தந்தையைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் சத்தாராவில் இருந்து ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். புது உடை, கையில் காசு, எல்லாம் இருந்தது. ரயிலில் வந்தவரை ஒரு குறையும் இல்லை. நிலைய அதிகாரி சாதியைக் கேட்டு, மஹர் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். வெளியே நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் இரட்டிப்புக் கூலிக்கும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரர் கூடவே நடந்து வர ஒப்புக்கொள்கிறார். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

தண்டவாளம் முடிந்த இடத்தில் சாதி தொடங்குகிறது. நூறு ஆண்டு கடந்தும் அந்த நிகழ்ச்சியின் அமைப்பு முற்றிலும் மாறிவிடவில்லை. சீட்டுக் கவுன்ட்டரில் எந்த ஊர் என்று கேட்பார்கள். எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். ஊர்ப் பேருந்து அப்படி இல்லை. பல கிராமங்களில் பேருந்து ஊர்த்தெருவோடு திரும்பிவிடும், காலனி வரை வராது. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலும், ஊர்க்காரர் மினி வேனிலும் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ரயில் நின்றுபோனால் ‘மாற்று வாகனத்தில் செல்லவும்’ என்று அறிவிப்பவர் அந்த மாற்று வாகனம் யாருடையது என்று யோசிப்பதில்லை.

ரயில் நிலையங்களும் தானாகச் சமமாகிவிடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து நிலையங்களின் உணவு விடுதிகளிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் மற்றவர்களும் போராடி, 1941-ல்தான் அது ஒழிந்தது. 1938-ல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், தலித் தொழிலாளி காலமெல்லாம் கேங்மேனாகவே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் இது: போர்ட்டரை நிலைய அதிகாரி வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் விட முடியாதே. இன்று பணி நியமனத்தில் இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் நிலையத்தைக் கழுவும் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. அங்கே ஒதுக்கீடு தேவைப்படாமலே யார் வருவார்கள் என்பது முடிவாகியிருக்கிறது. புதுப்பித்த நிலையத்தில் பளிங்குத் தரை விரிய விரிய, துடைக்க வேண்டிய சதுர அடியும் கூடும். முதல் வண்டிக்கு முன்பே வந்து தரை துடைக்க வேண்டிய அந்தப் பெண் எந்த வண்டியில் வருவார்? பணிக்காலத்தில் அவருக்கு வண்டியே இல்லை என்றால்?

இந்த மாவட்டத்து மக்கள் ஏன் இவ்வளவு பேர் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், இங்குள்ள பறையர்கள் நிலமற்று அடிமைகளைப் போல் வாழ்வதை விளக்கி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-ல் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு உயிர் போனது. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் நிலத்தின் விலை கோடியில் பேசப்படும் காலத்தில், அந்த நிலம் கையில் இல்லாதவர்களுக்கு மிஞ்சியிருப்பது 10 ரூபாய் ரயில் சீட்டு. அதனால் வண்டி நிற்பதை நாம் வெறும் போக்குவரத்துச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை.

இனி செய்ய வேண்டியது

நான்காவது பாதை வேலை தொடங்கும்போது பல முறை வண்டிகளை நிறுத்த வேண்டி வரும். அம்ரித் பாரத் திட்டத்தில் செங்கல்பட்டு நிலையத்துக்கும் வேலை உண்டு. இப்போதே கேட்டால்தான் கேட்டதாகும்.

முதலாவது, நேரம். எந்த நேர வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்யுமுன், அந்த வண்டியில் யார் போகிறார்கள் என்று மூன்று நாள் ஏறி எண்ணிப் பாருங்கள். பகல் ஐந்து மணி நேரமும் ஒரேயடியாக மூடாமல், பதினொரு மணிக்கு ஒன்றும் ஒரு மணிக்கு ஒன்றுமாக இரண்டு வண்டியையாவது விட முடியுமா என்று பொறியாளர்களைக் கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் ஏன் என்று மக்களுக்குச் சொல்லலாம்.

பேருந்து விஷயத்தில் மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. ரயில் நின்ற இடத்தில் இருந்து ரயில் தொடங்கும் இடம் வரை விடும் பேருந்துகளில் சீசன் டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பேருந்துகள் அனைத்தும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளாக இருந்தால் பெண்களுக்குச் செலவே இல்லை. போக்குவரத்துக் கழகமும் ரயில்வேயும் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை இது. பெரிய செலவு இல்லை. சீசன் டிக்கெட்டின் காலத்தை ரத்தான நாட்களுக்கு ஈடாக நீட்டுவது ரயில்வேயின் கையிலேயே இருக்கிறது.

அறிவிப்பு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் காலனி அங்கன்வாடியிலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். தண்டோரா போட்டுச் சொன்ன காலத்தில் தண்டோரா போட்டவர்களும் நம்மவர்களே. இன்று செய்தி எல்லாருக்கும் போகிறது, நம் தெருவைத் தவிர.

ரயில்வேயில் கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதிகளின் ஆட்கள், வணிகர் சங்கம், பயணிகள் சங்கம் என்று அதில் இடம் பெறுகிறார்கள். சங்கம் வைக்க நேரமும் காசும் உள்ள பயணியின் குரல் அங்கே போய்ச் சேருகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு தொகுதிப் பிரதிநிதிகள் தங்கள் பரிந்துரையில் ஒரு முறை தூய்மைப் பணியாளர் ஒருவரையோ, வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கப் பெண் ஒருவரையோ அனுப்பிப் பார்க்கட்டும். தனித் தொகுதியில் வென்றவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. ரயில்வே விதிப்படி, மாணவர் சீசன் டிக்கெட்டில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதமும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதமும் சலுகை உண்டு. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையும், ஆண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கொரோனா காலத்தில் மற்றப் பல சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. இதற்கான சான்றுப் படிவத்தைக் கல்லூரி அலுவலகம்தான் நிரப்பித் தர வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. கேட்டாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இருக்கின்றன. எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பணிக்காலத்தில் வண்டி ரத்தாகி வகுப்புக்குப் போக முடியாத நாட்களை வருகைப் பதிவில் கழிக்கக் கூடாது என்று, ரத்து அறிவிப்பின் நகலை இணைத்துத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வையுங்கள். உதவித்தொகைக்கு வருகைப் பதிவு பார்க்கப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம்.